சிலரின் நோயும் பலரின் கடனும்

பெரும்பான்மையோரின் நலமே அரசியலின் குறிக்கோளாக இருத்தல் வேண்டும் என்பதை நம்மிற் பலர் மாணவப் பருவத்திலேயே ஏற்றுக்கொண்டோம். நிலமும் நீரும் சிலர் கையில் இருக்க, விதைப்பவனும் வலை வீசுபவனும் வயிறு காய்ந்து கிடந்த நிலையை எதிர்த்துப் பேச நமக்குக் கிடைத்த வலிய சொல் அது. அதனை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் அதே சொல் வேறொரு காரியத்துக்குப் பயன்படக் கேட்கிறோம். "டெங்குக் காய்ச்சலுக்கும் நீரிழிவுக்குமே மருந்து போதாத நாட்டில், பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் பிறவி நோய்க்கு மாதந்தோறும் இவ்வளவு பணத்தைக் கொட்டுவது நீதியா? அதுவும், காப்பாற்றி ஆளாக்கினாலும் பின்னாளிற் புற்றுநோய் வந்து கொண்டுபோகக்கூடிய ஒரு பிள்ளைக்கு?" என்கிறார்கள். இவ்வாறு கேட்போர் கல்நெஞ்சர் அல்லர். வறிய நாட்டின் வரவு செலவை அறிந்தவர்கள். சிலர் நம் தோழர்கள். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், கல்லடியில், படிப்பிப்போராகிய நமது ஓய்வறையிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. நேர்மையான கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். கண்ணீரால் அதை மூடிவிட நாம் விரும்பவில்லை.

முதலில் நோய் எதுவென அறிவோம். உயர்தர வகுப்பு உயிரியலில் நிர்ப்பீடனம் என்ற தலைப்பின் கீழ் நம் மாணவர் மனனஞ் செய்யும் பொருள்தான் இது. உடலுட் புகும் கிருமியை இனங்கண்டு அழிக்கும் வெண்குருதிக் கலங்களும், அவற்றுட் சில ஆக்கித்தரும் பிறபொருளெதிரிகளும் சேர்ந்த ஒழுங்கமைப்பு அது. அவ்வமைப்பின் ஏதேனும் ஓர் உறுப்பைப் படைக்கும் பரம்பரையலகு பழுதுபட்ட நிலையிற் பிறப்போர் உளர். 1952இல் ஒக்டன் புரூட்டன் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர், திரும்பத் திரும்ப நோய்வாய்ப்பட்ட 8 வயதுச் சிறுவன் ஒருவனின் குருதியில், பிறபொருளெதிரிகள் அடங்கிய பகுதியே இல்லாதிருப்பதைக் கண்டு எழுதினார். பிறர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த அப்பகுதியை ஊசி வழியே செலுத்தி அவனைத் தேற்றினார். அன்று ஒன்றாகத் தோன்றிய இக்குறைபாடு இன்று 500க்கு மேற்பட்ட வகைகளாகப் பிரித்தறியப்பட்டிருக்கிறது. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் அரிது. ஒருங்கே எண்ணினால் அவ்வளவு அரிதன்று. இலங்கையில் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நிர்ப்பீடனப் பிரிவு இத்தகையோரைச் சோதித்து இனங்கண்டு வருகிறது. மற்றைய நாடுகளிற் போலவே இங்கும் பிறபொருளெதிரிக் குறைபாடே முதலிடம் பெறுகிறது.

வகுப்பறையில் இந்நோய்க்குப் பெயர் கிடையாது. வரவு இடாப்பில் அது ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே விழும் தொடர்ச்சியான வெற்றிடம். காதிற் சீழ், மாறாத சளி, மழைக்காலந்தோறும் நியூமோனியா, பிறகு வயிற்றோட்டம். "வருத்தக்காரப் பிள்ளை" என்று ஒரு பட்டத்தைச் சூட்டிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் இக்குறைபாடு இருக்கும் என்பதில்லை. பெரும்பாலார்க்கு வறுமையும் ஈரச்சுவருமே காரணம். ஆயினும் அவர்களுள் எங்கோ ஒருவருக்குக் காரணம் வேறாக இருக்கலாம் என்று ஐயுறுவதற்கேனும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

முன்னாளில் இவர்களைக் கொன்றது தொற்று. தொற்றைத் தடுக்க வழி பிறந்ததும் ஆயுள் நீண்டது. நீண்ட ஆயுளிற் புற்றுநோய் எதிர்ப்பட்டது. ஏன்? 1957இல் அவுஸ்திரேலிய அறிஞர் மக்ஃபாலேன் பேர்னெற், நிர்ப்பீடனம் ஊர்க்காவலனைப் போன்றது, அன்றாடம் முளைக்கும் புற்றுக் கலங்களை முளையிலேயே களைகிறது என்று கருதினார். அழகிய கருத்து. ஆனால் அது முழு உண்மையாயின், காவல் குன்றியோருக்கு எல்லாப் புற்றுநோய்களும் ஒன்றுபோல் மிகுதல் வேண்டும். அவ்வாறு மிகவில்லை. அமெரிக்காவில் இக்குறைபாடுடையோர் 3,600க்கு மேற்பட்டோரின் பதிவேட்டை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, இவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றையோரினும் ஏறத்தாழ 1.4 மடங்கு. நுரையீரல், மார்பு, பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுகள் மிகுந்ததாகத் தெரியவில்லை. லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றோ ஆண்களில் 10 மடங்கும் பெண்களில் 8 மடங்குக்குச் சற்றுக் கூடவும் காணப்பட்டது. ஆகவே காவலன் இல்லாத வீட்டில் எல்லாக் கள்வரும் புகுவதில்லை. சில கள்வரே புகுகின்றனர். அவர்கள் யாரென்பதைப் பிறகு பார்ப்போம்.

கணிதம் படிப்பிக்கும் நண்பர்கள் இங்கே ஒரு கணம் நின்று நமக்கு உதவ வேண்டும். 10 மடங்கு என்ற சொல்லைக் கேட்ட பெற்றோருக்கு அடிவயிறு கலங்கும். மடங்கு வேறு, தொகை வேறு. ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது 10 மடங்காகுமெனில் ஆயிரத்திற் பத்துப் பேருக்கு வரும். 990 பேருக்கு வராது. நோயின் வகைக்கேற்ப இத்தொகை வேறுபடும் என்பதும் உண்மை. விஸ்கொற்–ஓல்ட்றிச் நோய், நடை தள்ளாடிக் கண்வெண்மையிற் குருதிக்கலன்கள் சிவந்து தோன்றும் அற்றாக்சியா–ரெலாஞ்செக்ரேசியா நோய் ஆகிய சிலவற்றில் ஆபத்து மிகப் பெரிது. பிறபொருளெதிரி மட்டும் குறைந்த பலரில் அது அவ்வளவில்லை. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் "இவர்களுக்குப் புற்றுநோய் வரும்" என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பது அறியாமை. அவ்வாக்கியத்தை வைத்து "ஆகவே காப்பாற்றிப் பயனென்ன" என்று கேட்பது அறியாமையினும் கொடியது. நீரிழிவிலிருந்து காக்கப்பட்டவருக்குப் பின்னாளில் மாரடைப்பு வருகிறது. அதற்காக அவருக்கு இன்சுலினை மறுப்பாரில்லை.

இனி அக்கள்வர் யாரென்று காண்போம். 1958இல் உகண்டாவின் கம்பாலா நகரிற் பணியாற்றிய டெனிஸ் பேர்க்கிற் என்னும் அறுவை வைத்தியர், ஆபிரிக்கச் சிறுவரின் தாடையில் எழும் ஒருவகைக் கட்டியை விவரித்து எழுதினார். அக்கட்டியின் துணுக்குகள் விமானமேறி லண்டன் சென்றன. 1964இல் அந்தனி எப்ஸ்டீன், பேர்ட் அச்சோங், இவோன் பார் ஆகிய மூவர் அதில் ஒரு வைரசைக் கண்டனர். அது எப்ஸ்டீன்–பார் வைரசு எனப் பெயர் பெற்றது. (டிரினிடாட்டிற் பிறந்த அச்சோங்கின் பெயர் அதில் இடம்பெறவில்லை, கட்டியைத் தந்த சிறுவரின் நாட்டுப் பெயரும் இல்லை. அறிவின் வரலாற்றிலும் பங்கீடு இப்படித்தான் நடக்கிறது.) வளர்ந்தோருள் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அவ்வைரசைச் சுமக்கிறோம். எச்சில் வழியே சிறுவயதில் வந்து, நிணநீர்க் கலங்களுக்குள் ஒளிந்து, நம் நிர்ப்பீடனத்துக்கு அஞ்சி வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. இக்கட்டுரையை எழுதுவோரிடமும் படிப்போரிடமும் பெரும்பாலும் அது இருக்கிறது. நமக்கு அது ஒன்றும் செய்வதில்லை.

அது என்ன செய்ய வல்லது என்பதை உலகுக்குக் காட்டியவன் ஒரு சிறுவன். 1971 செப்டெம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டன் நகரிற் பிறந்த டேவிட் வெற்றருக்கு நிர்ப்பீடனம் அறவே இல்லை. அவனுக்கு முன் பிறந்த ஆண்குழந்தை அதே நோயால் இறந்திருந்தது. ஆதலின் டேவிட் பிறந்த சில கணங்களுள் கிருமி நீக்கிய பிளாஸ்ரிக் கூடாரம் ஒன்றுள் வைக்கப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகள் அக்கூடாரமே அவன் உலகம். தாயின் கையைக் கையுறையின் ஊடாகவன்றி அவன் தொட்டதில்லை. 1983 ஒக்ரோபரில் அவன் தமக்கையின் என்புமச்சை அவனுக்குச் செலுத்தப்பட்டது. சில மாதங்களில் நோயுற்றுக் கூடாரத்தை விட்டு வெளியே கொண்டுவரப்பட்டான். 1984 பெப்ரவரி 22ஆம் நாள் இறந்தான். உடலை ஆராய்ந்தபோது எங்கும் லிம்போமாக் கட்டிகள். தமக்கையின் என்புமச்சையில் எப்ஸ்டீன்–பார் வைரசு ஒளிந்திருந்தது. அவளுக்கு எந்நாளும் தீங்கு செய்யாத அது, தம்பியின் உடலிற் காவலில்லாமையாற் பெருகிப் புற்றாயிற்று. தன்னிடம் உள்ளவற்றுள் மிக நல்லதை அவள் தம்பிக்குக் கொடுத்தாள். அதனோடு வைரசும் போயிற்று.

இந்நிகழ்ச்சியை "மருத்துவத்துக்கு அவன் அளித்த கொடை" என்று எழுதுவோர் உண்டு. டேவிட்டிடமிருந்து கற்றவை ஏராளம் என்பது மெய். ஒரு வைரசு மனிதனிற் புற்றை உண்டாக்கும் வழியை அவனது மரணம் தெளிவுபடுத்தியது. சிறுநீரகமும் என்புமச்சையும் மாற்றப்பெறும் எத்தனையோ பேர் இன்று அதனாற் காக்கப்படுகின்றனர். ஆயினும் "அரியவரைப் பேணுவோம், அவர்களால் நமக்குப் பயனுண்டு" என்ற நியாயத்தை நாம் ஏற்கவில்லை. பயனில்லாத அரியவரை என்ன செய்வது என்ற கேள்வி உடனே பின்தொடரும். கூடாரத்துள் இருந்த பிள்ளை பாடப்புத்தகமாவதற்காகப் பிறக்கவில்லை. அவன் வரலாறு நமக்கு உணர்த்துவது வேறொன்று: அவனைக் கொன்றது அவனுக்கே உரிய அரிய பொருளொன்றன்று, நம் எல்லாரிடமும் உள்ள பொதுப் பொருள்.

வேறு வழிகளும் உள. பிறபொருளெதிரிகளை ஆக்கும் கலங்கள் தம் பரம்பரைப் பொருளைத் தாமே வெட்டி ஒட்டுகின்றன. அந்த ஒட்டுவேலை பழுதானால் நிர்ப்பீடனமும் குன்றும், புற்றும் எழும். அற்றாக்சியா–ரெலாஞ்செக்ரேசியா இவ்வகை. இரைப்பையில் தங்கும் கிருமி நெடுங்காலம் அழற்சியை மூட்டிக்கொண்டிருப்பதும் ஒரு வழி. சாதாரண மருக்களை உண்டாக்கும் வைரசு தோற்புற்றாவதும் ஒரு வழி. விரிக்கிற் பெருகும்.

பரம்பரையலகு என்றதும் பேச்சு வைத்தியசாலையை விட்டு ஊருக்குள் வருகிறது. மட்டக்களப்புத் தேசத்திற் குடி தாய்வழி வருவது. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகப் போகின்றன. ஒரே குடிக்குட் கொண்டு கொடுத்தல் ஆகாது. ஆயினும் தாய்மாமன் மகள் தன் தாயின் குடியைச் சேர்ந்தவளாதலின் அவள் உரிமை மச்சாள். முன்னோர் வகுத்த இவ்வேலி அறிவில்லாத வேலியன்று. என்றாலும் பரம்பரையலகு குடியை அறியாது. மச்சானுக்கும் மச்சாளுக்கும் ஒரே பாட்டனும் பாட்டியும் இருக்கையில், இருவரும் ஒரே பழுதை மறைவாகச் சுமந்திருத்தல் கூடும். அவ்வாறாயின் பிறக்கும் பிள்ளைகளுள் நான்கில் ஒன்றுக்கு நோய் வரும் வாய்ப்புண்டு. இதைக் கொண்டு உறவுத் திருமணம் யாவும் நோய்ப்பிள்ளையைத் தரும் என்று பட்டணத்துப் படிப்பாளிகள் நம் ஊரை எள்ளுவதும் தவறு. ஆபத்து சிறிது கூடுகிறது, அவ்வளவே. பெரும்பாலான மச்சான்–மச்சாள் தம்பதியர் நலமான பிள்ளைகளையே பெறுகின்றனர்.

இதனினும் நுண்ணியது இன்னொன்று. புரூட்டன் கண்ட நோயும், டேவிட்டின் நோயும், விஸ்கொற்–ஓல்ட்றிச் நோயும் எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழி வருபவை. தாய் பழுதைச் சுமப்பாள், அவளுக்கு நோயில்லை. ஆண்மக்களில் இருவருக்கொருவர் நோயுறலாம். பெண்மக்களில் இருவருக்கொருவர் தாயைப் போலச் சுமப்பவராகலாம். வீடும் வளவும் செல்லும் வழியே இதுவும் செல்கிறது. தாய்வழியைப் பெருமையாகக் கொண்ட ஊரில் இச்செய்தி வந்தால் யார்மீது பழி விழும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பிழைக்கவில்லையென்றாற் பெண்ணின் பொருத்தம். பிழைத்து நோயாளியானாற் பெண்வழிக் குற்றம். ஒருவர் கேட்டு வாங்காததும் அறிந்து கொடுக்காததுமான ஒன்றுக்குக் குற்றம் என்று பெயரில்லை. நம்முட் பழுது சுமக்காதவர் எவருமில்லை. பழுது வெளிப்படுவது சிலரில்.

அப்படியானால் நோயுற்ற தம்பியை உடைய 18 வயதுத் தங்கைக்கோ தமக்கைக்கோ உண்மையைச் சொல்லலாமா? சொன்னாற் கல்யாணம் குழம்பும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நாம் இழிவாகப் பேசமாட்டோம். இவ்வூரில் ஒரு பெண்ணுக்கு அது எத்தகைய இழப்பு என்பதை அறிவோம். ஆயினும் நம் முடிவு, சொல்ல வேண்டும் என்பதே. முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டும். தரகருக்கும் மாமியாருக்கும் முன்னதாக, சோதித்து அறிவதா வேண்டாமா என்பதையும் அவளே தீர்மானிக்கும்படி சொல்ல வேண்டும். அவள் உடல் பற்றிய அறிவு குடும்பத்தின் இரகசியச் சொத்தன்று. இதில் புற்றுநோய் மற்றொரு முடிச்சையும் போடுகிறது. அற்றாக்சியா–ரெலாஞ்செக்ரேசியா உள்ள பிள்ளையின் தாய் அப்பரம்பரையலகின் பழுதில் ஒரு பங்கைச் சுமப்பவள். நோயின்றித் தோன்றும் அத்தகைய பெண்களுக்கு மார்புப் புற்று வரும் வாய்ப்பு மற்றையோரினும் இரு மடங்குக்குக் குறையாது. பிள்ளைக்காகக் குருதிச் சோதனைக்குப் போன தாய், தன்னைப் பற்றிய செய்தியோடு திரும்புகிறாள். அவளுடைய சகோதரிக்கும் அது செய்தியாகலாம். மூடிவைத்தால் மார்பைச் சோதித்துக்கொள்ள வேண்டிய பெண்கள் காலத்தை இழப்பார்கள்.

இந்நோயே நமக்கு இன்னுமொரு பாடத்தைத் தருகிறது. 1960களின் பிற்பகுதியில் இந்நோயுள்ள சிறுவர் சிலருக்குப் புற்று வந்தபோது, மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே அளவு கதிர்வீச்சைக் கொடுத்தனர். அவர்கள் உடல் அதைத் தாங்கவில்லை, சிகிச்சையே கொன்றது. ஒட்டும் திறனிழந்த கலங்களுக்குக் கதிர்வீச்சு வெறும் வெட்டு. எல்லாருக்கும் ஒரே அளவு என்பதைச் சமத்துவம் என்று நாம் மேடைகளிற் பேசிவருகிறோம். அளவு ஒன்றாவதனால் நீதி ஒன்றாவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

பணத்தின் கணக்குக்கு வருவோம். பிறபொருளெதிரி இல்லாதோருக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை, வாழ்நாள் முழுவதும், இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும். அது எதனாற் செய்யப்படுவது? இரசாயன ஆலையில் வடிப்பது அன்று. மனிதரின் குருதியிற் கலங்களை நீக்கினால் எஞ்சும் வைக்கோல் நிறமான பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது. ஒரு தொகுதி மருந்துக்குக் குறைந்தது ஆயிரம் பேரின், பெரும்பாலும் பல ஆயிரம் பேரின், பிளாஸ்மாவை ஒன்றுகலக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் எதிர்த்து வென்ற கிருமி ஒன்று, மற்றொருவர் வென்றது வேறொன்று. ஆயிரம் பேரின் வெற்றிகளும் சேர்ந்தாலன்றி அக்குப்பி காவலாகாது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டார். அச்சொல்லுக்குக் குருதியால் எழுதிய உரை வேண்டுவோர் இக்குப்பியைப் பார்க்கலாம்.

ஆனால் உலகில் இவ்வொப்புரவும் சந்தைக்கு வந்துவிட்டது. உலகின் பிளாஸ்மாவில் மூன்றில் இரண்டு பங்கு அளவு அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே வாரத்துக்கு இருமுறை பிளாஸ்மா கொடுத்துப் பணம் பெறலாம். கொடுப்போர் பெரும்பாலும் வாடகைக்கும் கடனுக்கும் வழி தேடும் வறியோர். இலங்கையிற் குருதியை எவரும் விற்பதில்லை. தேசிய குருதி மாற்றுச் சேவை முழுக்க முழுக்க ஊதியம் பெறாத கொடையாளரை நம்பி நடக்கிறது. கோயிற் சதுக்கத்திலும் பாடசாலை மண்டபத்திலும் நாமும் கையை நீட்டிக் கொடுத்தவர்களே. அவ்வளவு பெருமைக்குரிய நாட்டிலும் இம்யூனோகுளோபுலின் வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் பொருளாகவே இருக்கிறது.

வாங்கிய கதை நாடறிந்தது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது, மருந்தலமாரிகள் வெறுமையாயின. அவசரக் கொள்வனவுகள் நடந்தன. 2023இல் அரச வைத்தியசாலைகளில் இம்யூனோகுளோபுலின் ஏற்றப்பட்ட நோயாளரிற் சிலருக்கு ஒவ்வாத விளைவுகள் தோன்ற, மருந்து மீளப் பெறப்பட்டது, தரமற்றதெனக் கண்டறியப்பட்டது. போலி ஆவணங்களைக் காட்டி அது நாட்டின் வைத்தியசாலைகளுக்குள் நுழைந்தது என்பது குற்றச்சாட்டு. முன்னாட் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரி 2ஆம் நாள் கைது செய்யப்பட்டார். குற்றவாளி யார் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் கடமை. அதை நாம் முந்திக்கொள்ள மாட்டோம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அதே விவகாரத்திற் பேசப்பட்ட மற்றொரு மருந்து ரிற்றுக்சிமாப். நிணநீர்ப் புற்றுக்குக் கொடுப்பது. நிர்ப்பீடனம் இல்லாதவனுக்குத் தொற்றைத் தடுக்கும் மருந்தும், அவனுக்கு வரக்கூடிய புற்றைத் தீர்க்கும் மருந்தும் ஒரே வழக்கில் வந்து நிற்கின்றன. "அரியோர்க்குச் செலவிட நாட்டிற் பணமில்லை" என்று கூறும் நண்பர்கள் இவ்வழக்கை நினைவிற் கொள்ள வேண்டும். பணம் இருந்தது, செலவாயிற்று. குப்பிக்குள் மருந்துதான் இல்லை.

ஆயினும் கேள்வியை இவ்வாறு தட்டிக்கழித்துவிட்டோம் என்று எவரும் சொல்லக்கூடாது. ஊழலே இல்லாத நாட்டிலும் பணம் அளவுள்ளது. ஆகவே கேட்போம்: பலர் சிலருக்குக் கொடுப்பது இரக்கமா, கடனா?

நம் நாட்டிற் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்தவுடன் காசநோய்க்கெதிரான பி.சி.ஜி. ஊசி ஏற்றுகிறோம். உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி அது. ஏற்றுவது சரி, அதனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மூளைக் காசத்திலிருந்து காக்கப்படுகின்றனர். ஆனால் நிர்ப்பீடனம் இன்றிப் பிறந்த குழந்தைக்கு அவ்வலுக்குறைந்த கிருமியே எமனாகலாம். உடலெங்கும் பரவிக் கொன்ற நிகழ்ச்சிகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. போலியோச் சொட்டு மருந்தின் வைரசும் பிறபொருளெதிரி இல்லாதோர் சிலரின் குடலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, அரிதாகப் பக்கவாதத்தை உண்டாக்குகிறது. அச்சொட்டுகளால்தான் 1993க்குப் பின் இந்நாட்டிற் போலியோ தோன்றவில்லை. இதன் பொருள் என்ன? பலரின் நலத்துக்காக நாம் எடுத்த நல்ல முடிவின் விலையை, எவரும் கேட்காமலே, அவ்வரிய சிலர் தம் உடலாற் கட்டியிருக்கிறார்கள். தடுப்பூசி வேண்டாம் என்று இதைக் கொண்டு வாதிப்போர் நம் பகைவர். ஏனெனில் சுற்றியுள்ள பலர் ஊசி பெற்றாலன்றி, ஊசி பலிக்காத அச்சிலருக்கு வேறு காவலில்லை. ஊசி எல்லாருக்கும் வேண்டும். ஆனால் கணக்கேட்டைத் திறந்தால் அங்கே பற்று வரவு எழுதப்பட்டிருக்கிறது, கடன்காரர் நாம்.

பள்ளிக்கூடத்துக்குள் இந்நியாயத்தை நாம் ஏற்கெனவே அறிவோம். படுவான்கரையில் 30 பிள்ளைகள் மட்டும் படிக்கும் பாடசாலைகளைப் பற்றி, தொகை குறைந்தவை மூடப்படலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நமது சங்கங்கள் எதிர்த்து நிற்கின்றன. தலைக்கு எவ்வளவு செலவு என்று கணக்குக் காட்டும் அதிகாரிக்கு நாம் சொல்லும் விடை என்ன? இலவசக் கல்வி தலையெண்ணித் தரப்படுவதன்று என்பதே. வகுப்பறையில் நாம் உரத்துச் சொல்லும் விடை வைத்தியசாலை வாசலில் ஏன் நா எழாமற் போகிறது?

எல்லையில்லாத கோரிக்கையை நாம் முன்வைக்கவில்லை. பழுதுற்ற பரம்பரையலகுக்குப் பதில் நல்லதைப் புகுத்தும் சிகிச்சை 1999இற் பாரிசிற் தொடங்கியது. டேவிட்டின் நோயுடைய குழந்தைகள் கூடாரமின்றி வீட்டுக்குப் போயினர், உலகம் மகிழ்ந்தது. பின் பாரிசிலும் லண்டனிலும் அச்சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் ஐவருக்கு அடுத்த சில ஆண்டுகளிற் குருதிப் புற்று வந்தது, ஒருவர் இறந்தார். நல்ல பரம்பரையலகைச் சுமந்து சென்ற வைரசு, கலவளர்ச்சியைத் தூண்டும் இடத்தருகே அதை வைத்துவிட்டது. இப்போது அதனினும் பாதுகாப்பான முறைகள் உள. விலை நம் போன்ற நாடுகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதை நாளையே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவா என்று கேட்பது வெறும் மேடைப்பேச்சு. நாம் கேட்பவை சிறியவை. மாறாத தொற்றுள்ள பிள்ளைக்குப் பிறபொருளெதிரியின் அளவைச் சோதித்தல்; உண்மையான மருந்துள்ள குப்பி; சோதனைக்காக 300 கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்குப் போகும் தாயின் நாட்கூலி இழப்புக்கும் பயணத்துக்கும் ஒரு வழி; நோய் இன்னதென்று அறிந்தவருக்குக் கழுத்திலும் அக்குளிலும் கட்டி தோன்றுகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க ஒரு வைத்தியர். லிம்போமா காலத்தோடு கண்டால் தீர்க்கக்கூடிய புற்றுகளில் ஒன்று.

நமது வேலை ஒன்றும் உண்டு. 2019இற் சின்னமுத்தை ஒழித்த நாடு எனச் சான்று பெற்ற இலங்கையில் 2023இல் அது மீண்டும் பரவியது. கொப்பளிப்பானோ ஆண்டுதோறும் வகுப்பறைக்கு வருகிறது. நிர்ப்பீடனம் குன்றிய பிள்ளைக்கு இவை இரண்டும் உயிராபத்து. செய்தி முன்கூட்டிக் கிடைத்தால் சில நாட்களுக்குள் ஊசி ஏற்றிக் காப்பாற்றலாம். ஆனால் வாங்கில் அருகிருந்த பிள்ளைக்குக் கொப்பளிப்பான் என்பது அத்தாய்க்குப் பெரும்பாலும் ஒரு வாரங் கழித்தே தெரிகிறது. முன்பு இவ்வூரில் அம்மாள் கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகினார்கள். கண்ணகியம்மனின் சினமென்று நம்பிச் செய்தது. ஆயினும் தெருவிற் போவோருக்கெல்லாம் அது எழுத்தறிவு வேண்டாத அறிவித்தல். உள்ளே போகாதே என்பதைக் குழந்தையும் அறிந்தது. நம்பிக்கையைக் களைந்தபோது அறிவித்தலையும் சேர்த்துக் களைந்துவிட்டோம். இடாப்பை மூடுமுன் ஒரு துண்டுக் கடிதம் எழுதி அப்பிள்ளையின் கையில் அன்றைக்கே கொடுத்தனுப்ப ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.